மஞ்சள் டேப்பும் பார்வை மீனும்

ஜூன் மாதத்து முதல் ஞாயிறு, ஆற்றில் அயு என்ற மீனைப் பிடிப்பதற்கான தடை நீங்கும் நாள். அன்று விடிகாலையில், வானமே இடிந்து விழுந்தாலும், தொடையளவுத் தண்ணீரில் தூண்டிலோடு நிற்பது என்று குமசாக்கி மார்ச் மாதமே தீர்மானம் செய்துவிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்பே எதற்குத் தீர்மானம் என்று கேட்கலாம். காரணம் இருந்தது. மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த முப்பத்தொரு வருஷமும் அவர் அந்த நாளைத் தவறவிட்டதில்லை. ஜுரத்தோடு போயிருக்கிறார். மைத்துனன் கல்யாணத்துக்கு மறுநாள் கழுத்து டையைக் கழற்றாமல் போயிருக்கிறார். தவறவிட்டது ஒரே ஒரு வருஷம். அது போன வருஷம். ஓய்வு பெற்ற முதல் வருஷம். வேலையில் இருந்தவரை ஒழுங்காகக் கிடைத்துக்கொண்டிருந்த ஓய்வு, ஓய்வு பெற்றதும் நின்றுபோயிற்று.

நின்றுபோனதற்கான காரணம் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே அவர் மனைவி சஹோகோ ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை நடத்தினாள். பருத்தித் துண்டுகளில் தானே படம் வரைந்து தானே அச்சடிப்பாள். அவர்கள் ஊரான குஜோவில் கோடை வந்தால் ஊரே தெருவில் இறங்கி ஆடும். ஆடுகிறவர்கள் தலையிலோ தோளிலோ ஒரு துண்டு இருந்தாக வேண்டும். ஒரு தெருவின் துண்டு இன்னொரு தெருவின் துண்டைப்போல இருந்துவிடவும் கூடாது. ஆகவே மே மாதக் கடைசியில் பட்டறைக்குள் நடக்க இடமிருக்காது. போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு குமசாக்கி படியிறங்கியபோது, சஹோகோ துண்டுக் குவியலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏங்க, ஒரு அரை மணி நேரம் மடிச்சுக் குடுத்துட்டுப் போறீங்களா?"

அந்த அரை மணி நேரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் முடிந்தது.

இந்த வருஷம் அப்படி நடக்காது. பிரச்சினையை வேரிலேயே பிடுங்கிவிடப் போகிறார். அதற்கு வேண்டிய ஆயுதம் அவரிடம் இருந்தது. தொழிற்சாலையில் அவர் சீரமைப்புப் பிரிவின் தலைவர். பிறர் வேலை செய்யும்போது பக்கத்தில் கடிகாரத்தோடு நின்று, அவர்கள் இரண்டு அடி அதிகமாக நடக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்வதே அவர் வேலை. ஒரு திருகு முடுக்கும் இடத்தில் நான்கு விநாடி மிச்சம் பிடித்ததற்கான பாராட்டுப் பத்திரம் கூடத்தில் தொங்குகிறது. அந்த நான்கு விநாடியைப் பிறகு என்ன செய்தார்கள் என்று சஹோகோ ஒருமுறை கேட்டாள். அன்று முழுக்க அவர் அவளோடு பேசவில்லை.

பட்டறையை அவர் ஒரு வாரம் ஆராய்ந்தார். அளவு நாடா அரிசி டப்பாவுக்குள் இருந்தது. ஆர்டர்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில், குப்பை எடுக்கும் நாட்களின் அட்டவணைக்கு அடியில் ஒட்டப்பட்டிருந்தன. கத்தரிக்கோல் மூன்று, மூன்றும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதாக வரலாறு இல்லை. மிக மோசமான விஷயம், சஹோகோ எதையும் தேடியதே இல்லை. பேசிக்கொண்டே கையை நீட்டுவாள். வேண்டிய பொருள் கைக்கு வந்துவிடும். இதைக் கண்டு குமசாக்கிக்கு உண்டான வேதனை கொஞ்சநஞ்சமல்ல. ஒழுங்கில்லாமலே ஒரு வேலை நடக்கிறது என்றால் அப்புறம் ஒழுங்குக்கு என்ன மரியாதை?

"சஹோகோ, ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"உன் பட்டறையைச் சீரமைக்கப் போறேன்."

அவள் மையை இழுத்துக்கொண்டிருந்த ரப்பர் பட்டையை நிறுத்தவில்லை. "சரிங்க."

"எதுக்குன்னு கேக்கலையே?"

"எதுக்கு?"

"மே மாசக் கடைசியில வேலை குவியுது பார், அது குவியாது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே வராது."

"அப்போ ஜூன் முதல் ஞாயிறு நீங்க ஆத்துல இருப்பீங்க."

"அது… அது ஒரு பக்க விளைவு."

"சரிங்க" என்றாள் மறுபடியும். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன ஒருவர், மனைவி ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை சரி சொன்னால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். குமசாக்கி கடைக்குப் போய் மஞ்சள் டேப் பதினான்கு சுருள் வாங்கி வந்தார்.

மஞ்சள் என்பது முக்கியம். அவருக்குப் பதினோரு வருஷம் துணைத்தலைவராக இருந்தவர் ஹிபினோ என்பவர். சாதுவான மனிதர். குமசாக்கி ஓய்வு பெற்ற அடுத்த வாரமே அந்தச் சாது, தொழிற்சாலைத் தரையில் இருந்த மஞ்சள் டேப் முழுவதையும் உரித்துவிட்டு நீலம் ஒட்டினார். செய்தி வந்த அன்று குமசாக்கி சாப்பிடாமல் எழுந்துவிட்டார். இப்போது ஹிபினோவும் ஓய்வு பெற்று, ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளிக் குடியிருக்கிறார். குமசாக்கி அந்த நிறுத்தத்தில் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

ஏப்ரல் முடிவதற்குள் பட்டறையின் ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் மஞ்சள் கோடு விழுந்தது. கத்தரிக்கோலுக்குக் கத்தரிக்கோல் வடிவம். மைக் குவளைகளுக்கு வட்டங்கள். தேநீர்க் கெட்டிலுக்கு மூக்கோடு சேர்த்து ஒரு கோட்டுருவம். சுவரில் பெரிய பலகை. அதில் இடமிருந்து வலமாக ஆறு கட்டம்: வரைதல், அச்சு, உலர்த்தல், வெட்டு, மடிப்பு, அனுப்பல். ஒரு ஆர்டருக்கு ஒரு அட்டை. வேலை நகர நகர அட்டையும் நகரும். ஒரு கட்டத்தில் மூன்று அட்டைக்கு மேல் நிற்கக் கூடாது.

பட்டறையில் சஹோகோவுக்கு உதவியாக இருந்த ரூமிக்கு முப்பத்தைந்து வயது. ஆரம்பப் பள்ளியில் படிக்கும் மகளும் எதற்கும் அஞ்சாத வாயும் உண்டு. காலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, இங்க ஏதாவது கொலை நடந்துச்சா? போலீஸ்காரங்க கோடு போட்ட மாதிரி இருக்கு."

"ஐயா போட்டார்."

"கெட்டிலைக் கொன்னது யாரு?"

"ரூமி" என்றார் குமசாக்கி, "ஒரு பொருளை எடுத்தா, காலியா இருக்கிற கோட்டைப் பாத்ததும் எது இல்லைன்னு தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம்."

"எனக்கு எங்க ஐயா கோடு? நான் பாட்டுக்கு வேற இடத்துல நின்னுட்டா என்னைத் தேட மாட்டீங்களா?"

அவர் விரலால் தரையைக் காட்டினார். அச்சு மேஜைக்கு முன்னால் இரண்டு பாதங்களின் வடிவம் ஏற்கனவே ஒட்டப்பட்டிருந்தது. ரூமி அதில் காலை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. எப்போது அளவெடுத்தார் என்று அவள் கேட்கவில்லை. 

எல்லாவற்றுக்கும் மேலாக, படிவம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படிவம். வேலையின் பெயர், தேவையான ஆள், கருவி, செய்யும் படிகள், நிர்ணயித்த நேரம், ஆன நேரம், கடைசியில் 'அடுத்த முறைக்கான முன்னேற்றம்'. அதற்குக் கீழே மேலாளர் முத்திரை பதிக்க ஒரு சிறு கட்டம். மேலாளர் யார் என்று படிவத்தில் இல்லை. முத்திரை குமசாக்கியின் சட்டைப் பையில் இருந்தது.

"படிவம் எழுதற நேரத்துல ரெண்டு துண்டு அச்சடிச்சுடலாங்க" என்றாள் சஹோகோ.

"எழுதி வெச்சாத்தான் யார் வேணும்னாலும் செய்ய முடியும். ஒரு வேலை ஒரு ஆளோட கையிலேயே இருந்தா அது வேலை இல்ல, வித்தை. படிவத்துல வந்தாத்தான் அது வேலை."

"ஓ."

"கடைசிக் கட்டத்தை மட்டும் காலியா விடாதே. முன்னேற்றம்தான் உயிர்."

"சரி, எழுதறேன்" என்றாள். எழுதவில்லை. மே மாதம் முழுவதும் மஞ்சள் கோப்பில் அவர் எழுதிய படிவங்கள் மட்டுமே சேர்ந்தன. அவர் தினமும் கோப்பைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்பாடு பலித்தது. அட்டைகள் நகர்ந்தன. கத்தரிக்கோல்கள் மூன்றும் ஒன்றையொன்று முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டன. கணக்குப் பார்த்ததில் மே மாதக் கடைசி வாரத்தில் முழுசாக மூன்று நாள் மிச்சம். குமசாக்கி பரணிலிருந்து ஒன்பது மீட்டர்த் தூண்டிலை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் உற்சாகமாக இருந்தார். அயு பிடிக்கும் சாஸ்திரத்தை விளக்கினார். முப்பது வருஷமாக வருஷத்துக்கொரு முறை விளக்குகிறார். சஹோகோ முப்பது வருஷமாக மிஸோ சூப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். இந்த வருஷம்தான் முதன்முறையாக நிமிர்ந்தாள்.

"அப்போ இரையே கிடையாதா?"

"கிடையாது. அயு கல்லுல படிஞ்ச பாசியைத் தின்னும். ஒவ்வொரு மீனும் ஒரு கல்லைப் பிடிச்சுக்கிட்டு இது என் இடம்னு காவல் காக்கும். நாம என்ன செய்வோம், உயிரோட இன்னொரு அயுவை மூக்குல வளையம் மாட்டி, அந்தக் கல்லுப் பக்கம் மெல்ல ஓட்டுவோம்."

இப்படி ஓட்டப்படும் மீனுக்கு அந்த ஊரில் ஒரு பெயர் உண்டு. பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானைப் பிடிக்கும் வேட்டையில், அந்த மானைப் பழந்தமிழில் 'பார்வை' என்பார்கள். அந்தக் கணக்கில் இது பார்வை மீன்.

"உடனே அந்த மீனு?"

"பாஞ்சு வந்து இடிக்கும். என் இடத்துல நீ யாருடான்னு. பார்வை மீன் பின்னாடி கொக்கி தொங்குது இல்ல, அதுல மாட்டிக்கும்."

"பசிக்கு இல்ல?"

"ரோஷத்துக்கு."

"பாவங்க. பேசாம விட்டா வந்த மீன் பாட்டுக்குப் போயிருமே."

"விடாது. அதுக்குப் புத்தி கிடையாது" என்று சொல்லி குமசாக்கி இன்னொரு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பலகையில் ஒரு புது அட்டை இருந்தது. கீழத்தெரு நடனக் குழு. நானூற்று இருபது துண்டு. திங்கள் காலை அனுப்ப வேண்டும். ஜூன் முதல் ஞாயிறுக்கு மறுநாள் திங்கள்.

"இது என்ன?"

"ஆர்டர்."

"எப்போ வாங்கினே?"

"நீங்க மூணு நாள் மிச்சம்னு சொன்னீங்களே, அப்போ. அவங்க போன வருஷமும் கேட்டாங்க. நேரமில்லன்னு சொல்லிட்டேன். இப்போ இருக்கே."

"மிச்சம் பிடிச்சது மிச்சமா இருக்கறதுக்கு!"

"நாலு விநாடியை உங்க தொழிற்சாலையில அப்படியே வெச்சிருந்தாங்களா?"

குமசாக்கி கூடத்துச் சுவர்ப் பக்கம் பார்க்காமல் பலகைக்கு வந்தார். விரல் விட்டு எண்ணினார். அச்சு வியாழன் முடியும், வெட்டு சனி மாலை. மீதி மடிப்பு. அது ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. எத்தனை முறை எண்ணினாலும் அங்கேயே விழுந்தது.

"ஞாயிறு நீயும் ரூமியும் மடிச்சுடுவீங்க" என்றார், குரலில் கேள்விக்குறி வராமல் பார்த்துக்கொண்டு.

"ஞாயிறு என் பொண்ணோட பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா ஐயா" என்றாள் ரூமி. "ஓட்டத்துல இருக்கா. அக்காவும் வராங்க. சோத்து உருண்டைக்கு உள்ள என்ன வைக்கறதுன்னுகூட முடிவு பண்ணியாச்சு."

"நானும் எத்தனையோ வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை வெளியில போய் உக்காந்து சாப்பிடணும்னு நினைக்கிறேன்" என்றாள் சஹோகோ சாந்தமாக. "நீங்க வீட்டுல இருப்பீங்களே."

"நான் ஆத்துல இருப்பேன்."

"அப்போ மடிப்பு?"

குமசாக்கி நிமிர்ந்து நின்றார். இந்தக் கணத்துக்காகத்தானே பதினான்கு சுருள் டேப். "சஹோகோ, இந்த ஏற்பாட்டோட அழகே அதுதான். மடிப்புக்குப் படிவம் இருக்கு. எட்டு படி. எடுக்கற இடம், வைக்கற இடம், எல்லாம் கோடு போட்டிருக்கு. இதுக்கு நான் வேண்டியதில்ல. நீ வேண்டியதில்ல. யாரை வேணும்னாலும் உக்கார வைக்கலாம்."

"யாரை வேணும்னாலுமா?"

"தெருவுல போற எவரை வேணும்னாலும்."

"சரிங்க" என்றாள் சஹோகோ.

சனிக்கிழமை சாயங்காலம் வெட்டு வேலை முடிந்தது. குமசாக்கி சந்தோஷமாக ஆற்றங்கரைக் கடைக்குப் போய் உயிருள்ள பார்வை மீன் இரண்டு சொல்லிவைத்துவிட்டு வந்தார். சாப்பிட உட்காரும்போது சஹோகோ ஊறுகாய்த் தட்டை நகர்த்தியபடி சொன்னாள்.

"மடிப்புக்கு ஆள் கிடைச்சாச்சு. காலையில ஆறு மணிக்கு வராரு."

"யாரு?"

"ஹிபினோ ஐயா."

சாப்பாட்டுக் குச்சி ஒன்று மேஜையில் விழுந்து உருண்டது.

"ஓய்வுல சும்மாதான் இருக்காராம். போன்ல கேட்டதும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! தலைவர் போட்ட ஏற்பாட்டைப் பாக்கற பாக்கியம்னாரு."

"அவனா! வேற ஆளே கிடைக்கலையா?"

"தெருவுல போற எவரை வேணும்னாலும்னு நீங்கதானே சொன்னீங்க. இவர் கொஞ்சம் தெரிஞ்சவரா இருக்காரேன்னு பாத்தேன். வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே போன் பண்ணி, ஐயா ஆத்துக்குப் போகல, அவரே மடிச்சுடுவாருன்னு…"

"வேண்டாம், வேண்டாம். வரட்டும்." குச்சியை எடுத்துக்கொண்டார். "ஆனா எதையும் தொடக் கூடாது."

"துண்டைத் தொடலாம் இல்ல?"

"துண்டை மட்டும்."

ஞாயிறு. காலை ஐந்து மணி. ஆறு வெள்ளிக் கம்பிபோல் ஓடிக்கொண்டிருந்தது. நூறு பேருக்குக் குறையாமல் இறங்கியிருந்தார்கள். குமசாக்கிக்கு என்று ஒரு பாறை உண்டு. பாலத்துக்குக் கீழே, யானை முதுகுபோல் இருக்கும். அங்கே அவர் நின்றார். தண்ணீர் தொடையை அழுத்தியது. பார்வை மீனின் மூக்கில் வளையத்தை மாட்டி ஓட்டத்தில் விட்டார். அது மெல்ல எதிர்நீச்சலில் போயிற்று. ஒன்பது மீட்டர்த் தூண்டில் காற்றில் லேசாக முனகியது. இரண்டு வருஷத்து ஏக்கம் மார்பிலிருந்து இறங்கிப் போவது தெரிந்தது.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மார்புப் பையில் போன் துடித்தது. சஹோகோ ஒரு படம் அனுப்பியிருந்தாள். பட்டறையின் நடுவில் ஹிபினோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நிற்கிறார். படத்தின் கீழே: 'வந்துட்டார். ரொம்பப் பிரமாதம்னு சொல்றார். நீங்க நிதானமா பிடிங்க.'

பிரமாதம் என்றால் சரி. போனை உள்ளே வைத்தார். எடுத்து மறுபடியும் படத்தைப் பார்த்தார். ஹிபினோவின் தலை ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது? பதினோரு வருஷப் பழக்கம். அந்தத் தலை சாய்ந்தால் அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது என்று பொருள்.

ஆறு எட்டுக்கு இரண்டாவது செய்தி. 'பலகை வலமிருந்து இடம் போனா நல்லதுன்னு சொல்றார். மேலிருந்து கீழே எழுதும்போது நம்ம வரிகள் வலப்பக்கம் ஆரம்பிச்சு அப்படித்தானே போகுது, கண்ணுக்கு இயற்கைன்னு. நான் எதுவும் சொல்லல. அங்க தண்ணி எப்படி?'

தண்ணீர் எப்படி இருந்தது என்பது குமசாக்கிக்குத் தெரியவில்லை. வலமிருந்து இடமா? ஆறு கட்டத்தையும் திருப்பிப் போடுவதா? உலர்த்தும் கம்பி இடப்பக்கம் இருக்கிறதே, அது தெரியுமா அவனுக்கு?

"பெரியவரே, உங்க மீன் எங்கேயோ போகுது!" என்று பக்கத்துப் பாறைக்காரர் கத்தினார். பார்வை மீன் யாரும் ஓட்டாததால் தன் சொந்த யோசனையில் கரையோரம் போய்க்கொண்டிருந்தது.

ஆறு பன்னிரண்டுக்கு மூன்றாவது. 'நீல டேப் ஒரு சுருள் கையோட கொண்டு வந்திருக்கார். கெட்டில் பக்கம் மட்டும், ஒரு மூலையில, உரிச்சுப் பாக்கலாமான்னு கேக்கறார். நீங்க அவசரப்படாதீங்க.'

குமசாக்கி தூண்டிலை மடக்க ஆரம்பித்தார். ஒன்பது மீட்டரை அவ்வளவு வேகமாக அந்த ஆற்றில் யாரும் மடக்கிப் பார்த்ததில்லை.

"என்ன பெரியவரே, வீட்டுல தீயா?"

"அதைவிட மோசம். டேப்பை உரிக்கிறான்."

பட்டறைக் கதவைத் திறந்தபோது அவர் ரப்பர் கால்சட்டையிலிருந்து ஆறு சொட்டிக்கொண்டிருந்தது. ஹிபினோ கெட்டிலின் முன் குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மஞ்சள் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்திருந்தன. அரை விரற்கடை உரிந்திருந்தது.

"விடு அதை!"

ஹிபினோ துள்ளி எழுந்து இடுப்பு வளைய வணங்கினார். "தலைவரே! ஆத்துல இல்லையா?"

"எழுபத்தஞ்சு டிகிரியில வெச்சிருக்கேன் அந்தக் கெட்டில் மூக்கை. எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது தலைவரே. அதான் தொண்ணூறு வெச்சா…"

"தொண்ணூறா!"

"நீலத்துல தொண்ணூறு…"

"போ. நீ கிளம்பு. நானே பாத்துக்கறேன். இந்த ஏற்பாடு தெரியாதவன் கையில ஒரு துண்டுகூடக் குடுக்க முடியாது."

"ஆனா தலைவரே, படிவம் இருந்தா யார் வேணும்னாலும்னு அம்மா…"

"யார் வேணும்னாலும்னா எல்லாரும் இல்ல!"

ஹிபினோ மறுபடியும் வணங்கினார். முகத்தில் வருத்தம் இருந்தது. கூர்ந்து பார்த்தால் ரொம்ப இல்லை. "அப்போ நான் ஆத்துப் பக்கம் போகட்டுமா? தூண்டிலையும் எதுக்கும் காருல போட்டுட்டு வாங்கன்னு அம்மா சொன்னாங்க. தலைவரோட பாறை இன்னிக்கு காலிதானே?"

குமசாக்கிக்குக் கேட்கவில்லை. அவர் மண்டியிட்டு, உரிந்த நுனியை நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். அப்படி ஆட்டினால் சம்மதம் என்று பொருள் என்பது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

வாசலில் சஹோகோ வெயில் தொப்பி போட்டுக்கொண்டு, சாப்பாட்டு அடுக்கோடு நின்றிருந்தாள். ரூமியின் சைக்கிள் மணி தெருவில் அடித்தது.

"அடடா, வந்துட்டீங்களா. நான்தான் அவசரப்படாதீங்கன்னு எழுதினேனே."

"இவனை விட்டுட்டு எப்படி நிம்மதியா நிக்கறது?"

"அதுவும் சரிதான். அப்போ மடிப்பு?"

"நானே மடிக்கறேன். அஞ்சு மணி நேரம். படிவத்துல இருக்கு."

"கெட்டில்ல தேநீர் போட்டு வெச்சிருக்கேன். குடிச்சுட்டு அதே கோட்டுல வெச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

நானூற்று இருபது துண்டு. விரி, நீவு, பாதியாக மடி, மறுபடி பாதி, மறுபடி பாதி, காகிதப் பட்டியைச் சுற்று, பசை வை, அடுக்கு. கீழத்தெருக்காரர்களுக்கு சஹோகோ வரைந்திருந்த படம், நீல அலைகளுக்கு நடுவே வரிசையாக அயு மீன்கள். நானூற்று இருபது முறை அவர் அந்த மீன்களைப் பார்த்தார். நானூற்று இருபது முறையும் அவை அவரைப் பார்த்தன.

மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அவர் ஏற்பாடு அப்படி. நான்கு மணி நேரம் ஐம்பது நிமிடம். பத்து நிமிடம் மிச்சம். ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிட்டது, பாறையும் போய்விட்டது. பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு சஹோகோ முகம் சிவந்து திரும்பி வந்தாள். ரூமியின் மகள் ஓட்டத்தில் மூன்றாவது. சற்று நேரத்தில் ஹிபினோவும் வந்தார். ஈரக் கூடையில் பதினெட்டு அயு.

"தலைவரோட பாறை பிரமாதம்! அப்படி ஒரு இடத்தை நான் பாத்ததே இல்ல. பாதி உங்களுக்கு."

சஹோகோ மீன்களைக் குச்சியில் வளைத்துக் கோத்து, உப்புத் தடவிச் சுட்டாள். மூவரும் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு மீனும் தன் பாறையில் பாசி மேய்ந்த மீன் என்று குமசாக்கிக்கு நன்றாகத் தெரிந்தது. நன்றாக இருந்தது என்பதுதான் இன்னும் கஷ்டம். ஹிபினோ வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு, வாசலில் மூன்று முறை வணங்கிவிட்டுப் போனார்.

மனசு ஆறுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. குமசாக்கி பட்டறைக்குப் போய், மடிப்பு வேலைக்கான படிவத்தைப் பூர்த்தி செய்தார். ஆன நேரம், நான்கு மணி ஐம்பது. அதைச் சேர்ப்பதற்காக மஞ்சள் கோப்பைத் திறந்தார்.

முதல் பக்கத்தில் ஒரு படிவம் ஏற்கனவே இருந்தது. சஹோகோவின் கையெழுத்து. அழகாக, ஒரு கட்டம் விடாமல் எழுதியிருந்தாள். எத்தனை நாள் எழுது எழுது என்று கெஞ்சியிருக்கிறார்! அவர் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'வேலை: ஞாயிறு மடிப்பு, நானூற்று இருபது துண்டு.

தேவையான ஆள்: கணவர், ஒன்று.

கருவி: ஹிபினோ ஐயா, ஒன்று. உயிரோடு இருக்க வேண்டும். அடிபடாமல் திருப்பி அனுப்பவும்.

படி ஒன்று: கருவியை முதல் நாளே சொல்லிவைக்கவும்.

படி இரண்டு: கருவியைக் கெட்டில் பக்கம் மெல்ல விடவும்.

படி மூன்று: அவசரப்பட வேண்டாம் என்று எழுதவும்.

நிர்ணயித்த நேரம்: நாற்பது நிமிடம். ஆன நேரம்: இருபத்தாறு நிமிடம்.'

 குமசாக்கி பிழை தேடினார். படிகளின் வரிசை சரி. நேரம் குறித்தது சரி. முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான படிவம் அவர் கைக்கு வந்ததில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, மேலாளர் கட்டத்தில் நேராக, நடுவாகப் பதித்தார். பதித்த பிறகுதான் அதற்கு மேலே இருந்த கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். காலியாக விடாதே என்று அவர் சொல்லிக்கொடுத்த கட்டம்.

'அடுத்த முறைக்கான முன்னேற்றம்: டேப்பை உரிக்க வேண்டியதில்லை. ஹிபினோ ஐயா வருகிறார் என்று சொன்னாலே போதும்.'